தமனிகளைக் காக்கும் தாவர உணவு: மெய் எது, மிகை எது?

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது நாம் அனைவரும் ஒரு கணக்குப் போடுகிறோம். கடைசித் தவணை எந்த வயதில் முடியும், அப்போது பிள்ளைகள் எந்தப் படிப்பில் இருப்பார்கள், பணி ஓய்வுக்கு எத்தனை ஆண்டுகள் மீதமிருக்கும் என்றெல்லாம் எண்ணிப் பார்த்த பின்னரே கையொப்பமிடுகிறோம். அந்தக் கணக்கில் நாம் சேர்க்க மறப்பது நம் தமனிகளின் வயதை.

52 நாடுகளில் நடத்தப்பெற்ற 'இன்டர்ஹார்ட்' என்னும் பேராய்வின் தரவுகளைக் கொண்டு 2007-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கை வெளியாயிற்று. முதல் மாரடைப்பு ஏற்படும் சராசரி வயது பிற நாட்டினரிடையே ஏறத்தாழ 59 ஆக இருக்க, இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் அது 53 என்று அவ்வறிக்கை காட்டியது. ஒரு குடும்பத்தின் பொருளாதாரப் பொறுப்புகள் உச்சத்தில் இருக்கும் வயது அது. அதே அறிக்கையில் மற்றொரு செய்தியும் இருந்தது. மாரடைப்பு வராதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, நாள்தோறும் காயும் கனியும் உண்போர் பிற நாடுகளில் 45 விழுக்காட்டினர். தெற்காசியாவில் 27 விழுக்காட்டினருக்கும் குறைவு. சைவ உணவு வழக்கம் பரவலாக உள்ள நாட்டில் இந்நிலை வியப்பளிக்கலாம். சோறும் சப்பாத்தியும் தட்டை நிரப்ப, காய்கறி ஓர் ஓரத்தில் ஒதுங்கிவிடுவதை நம் வீடுகளில் நாம் காணாமல் இல்லை.

இதற்கு ஈடு செய்வதாகச் சொல்லிக்கொண்டு பூண்டு மாத்திரை, மஞ்சள் மாத்திரை, பீட்ரூட் பொடி எனப் பலவும் மருந்துக் கடைகளில் அடுக்கப்பட்டுள்ளன. தாவரங்களில் உள்ள வேதிப்பொருள்கள் நம் தமனிகளுக்கு உண்மையிலேயே என்ன செய்கின்றன, எவ்வளவு செய்கின்றன, எங்கே அவற்றின் எல்லை முடிகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தமனி உயிருள்ள உறுப்பு

தமனியை நாம் பொதுவாக வீட்டின் தண்ணீர்க் குழாயோடு ஒப்பிடுகிறோம். குழாயில் உப்புப் படிவதுபோல் தமனியில் கொழுப்புப் படிகிறது என்று எண்ணுகிறோம். இந்த ஒப்புமை ஓரளவுக்கே பொருந்தும். தமனியின் உட்புறம் முழுவதும் ஒற்றை அடுக்கு உயிரணுக்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று விரிந்திருக்கிறது. இதனை எண்டோதீலியம் என்பர். ஓடும் குருதியைத் தொட்டுக்கொண்டிருப்பது இப்படலமே.

நெடுங்காலம் இதனை ஒரு வெறும் உறை என்றே மருத்துவ உலகம் கருதியிருந்தது. அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் தமனித் துண்டுகளை வைத்து ஆய்வு செய்துவந்தார். தமனியைத் தளர்த்த வேண்டிய அசிட்டைல்கோலின் என்னும் பொருள், அவருடைய சோதனைகளில் சிலவேளை தமனியைச் சுருங்கச் செய்தது. துண்டுகளைத் தயாரிக்கும்போது உட்படலம் உரசுண்டு நீங்கிவிட்டால் தமனி தளர்வதில்லை என்பதை அவர் கண்டறிந்து 1980-இல் வெளியிட்டார். படலம் சிதையாமல் இருந்தால் அதிலிருந்து ஒரு செய்தி வெளிப்பட்டுத் தமனித் தசையைத் தளர்த்துகிறது. அந்தச் செய்தியைச் சுமக்கும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது பின்னர் உறுதியாயிற்று. இக்கண்டுபிடிப்புக்காக ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகிய மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

நைட்ரிக் ஆக்சைடு தமனியை விரியச் செய்கிறது. குருதித் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி உறைவதைத் தடுக்கிறது. வெள்ளையணுக்கள் சுவரில் பற்றிக்கொள்வதையும் குறைக்கிறது. புகையிலை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவை இப்படலத்தைச் சேதப்படுத்தும்போது நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. குருதியில் மிகுதியாக உள்ள எல்.டி.எல். கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அவற்றை விழுங்கிய வெள்ளையணுக்கள் வீங்கி அங்கேயே தேங்க, ஆண்டுக்கணக்கில் ஒரு திட்டு வளர்கிறது. ஒரு நாள் அத்திட்டு வெடித்து அதன்மேல் குருதி உறையும்போது மாரடைப்போ பக்கவாதமோ நேர்கிறது.

ஆகவே, தாவரப் பொருள் ஒன்று தமனிக்கு நன்மை செய்கிறது என்றால் அது முதன்மையாக இரண்டு வழிகளில் ஒன்றில் செயற்பட வேண்டும். உட்படலத்தின் நைட்ரிக் ஆக்சைடு வளத்தைப் பெருக்க வேண்டும், அல்லது எல்.டி.எல். கொழுப்பைக் குறைக்க வேண்டும். இவ்விரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

கீரையும் பீட்ரூட்டும்

முதல் வழிக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு கீரை வகைகளிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட். இதன் பயணம் சுவையானது. நாம் உண்ணும் நைட்ரேட் குடலில் உறிஞ்சப்பட்டுக் குருதியில் கலக்கிறது. அதில் ஒரு பகுதியை உமிழ்நீர்ச் சுரப்பிகள் மீட்டெடுத்து வாய்க்குள் விடுகின்றன. நாவின் மேற்பரப்பில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை நாம் விழுங்கிய பின் உடலுக்குள் அது நைட்ரிக் ஆக்சைடாகிறது.

இலண்டனில் நடந்த ஆய்வொன்றில் உடல்நலமுள்ளவர்கள் அரை லிட்டர் பீட்ரூட் சாறு அருந்தியபோது, ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 10 மி.மீ. வரை குறைந்தது. 2008-இல் வெளியான இம்முடிவைத் தொடர்ந்து, உயர் இரத்த அழுத்தம் உள்ள 64 பேரிடம் மற்றோர் ஆய்வு நடத்தப்பட்டு 2015-இல் வெளியாயிற்று. நாள்தோறும் கால் லிட்டர் சாறு அருந்தியவர்களுக்கு நான்கு வாரங்களில் மேல் அளவு ஏறத்தாழ 8 மி.மீ. குறைந்தது. சாற்றை நிறுத்தியதும் அந்தப் பயனும் நின்றுவிட்டது.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய செய்திகள் மூன்று. முதலாவது, இந்தப் பயனுக்குப் பீட்ரூட் மட்டுமே வழி என்பதில்லை. பஞ்சாபில் குளிர்காலந்தோறும் சமைக்கப்படும் கடுகுக் கீரையிலும், பாலக்கிலும், முள்ளங்கியிலும் நைட்ரேட் உண்டு. இரண்டாவது, நைட்ரேட் நீரில் கரையக்கூடியது. கீரையை வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் அதுவும் உடன் போய்விடும். மூன்றாவது, நுண்ணுயிர்க்கொல்லி சேர்ந்த வாய் கொப்பளிக்கும் மருந்துநீரை அன்றாடம் பயன்படுத்தினால் நாவில் உள்ள நுண்ணுயிர்கள் அழிந்து இந்த மாற்றமே தடைப்படுகிறது. மருத்துவர் கூறியிருந்தாலன்றி அதனைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

தேநீரும் வெங்காயமும் கோகோவும்

உட்படலத்துக்கு உதவும் அடுத்த கூட்டம் ஃபிளேவனாய்டுகள். தேயிலையின் துவர்ப்புக்கும், நாவற்பழத்தின் கருநீலத்துக்கும் காரணமானவை இவ்வகைப் பொருள்களே. வெங்காயத்திலும் இவை செறிந்துள்ளன. தாவரங்கள் இவற்றைத் தங்கள் தற்காப்புக்காக உருவாக்குகின்றன.

நெதர்லாந்தின் சுட்ஃபன் நகரில் 65 முதல் 84 வயதுக்குட்பட்ட 805 ஆண்களைக் கண்காணித்த ஆய்வின் முடிவுகள் 1993-இல் வெளிவந்தபோது இவற்றின்மீது உலகின் கவனம் திரும்பிற்று. தேநீர், வெங்காயம், ஆப்பிள் ஆகியவற்றின் வழியே மிகுதியான ஃபிளேவனாய்டு பெற்றோர் இதய நோயால் இறப்பது குறைவாக இருந்தது. ஆயினும் இத்தகைய ஆய்வில் ஒரு குறை உண்டு. ஆப்பிளை விரும்பி உண்பவர் பொதுவாகப் புகைபிடிக்காதவராகவும் நடைப்பயிற்சி செய்பவராகவும் இருக்கக்கூடும். நன்மை ஆப்பிளால் வந்ததா, நடையால் வந்ததா என்று இதனைக் கொண்டு பிரித்தறிய இயலாது.

அதனைப் பிரித்தறிய ஒரே வழி, சீட்டுக் குலுக்கியதுபோல் மக்களை இரு பிரிவாக்கி ஒரு பிரிவினருக்கு மட்டும் அப்பொருளைக் கொடுத்துப் பார்ப்பது. அமெரிக்காவில் 'காஸ்மாஸ்' என்ற பெயரில் 21,442 முதியோரிடம் அவ்வாறே செய்தார்கள். ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 500 மி.கி. கோகோ ஃபிளேவனால் வழங்கப்பெற்றது. முடிவு 2022-இல் வெளியாயிற்று. மாரடைப்பு, பக்கவாதம் முதலிய நிகழ்வுகள் மொத்தத்தில் 10 விழுக்காடு குறைந்தன. எனினும் அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய அளவே. இதய, குருதிக்குழாய் நோயால் இறப்போர் தொகை 27 விழுக்காடு குறைந்திருந்தது. இது நம்பிக்கையூட்டும் குறிப்பு. முடிந்த முடிவு என்று கொள்ளத்தக்கதன்று. கடைகளில் விற்கும் சாக்லேட்டை இதற்குச் சான்றாகக் காட்டுவதும் பொருந்தாது. அதில் சர்க்கரையும் கொழுப்பும் மிகுதி. காரம் சேர்த்துப் பதப்படுத்தும்போது கோகோவின் ஃபிளேவனாலும் பெருமளவு அழிந்துபோகிறது.

நம் நாட்டில் ஃபிளேவனாய்டின் பெரிய வாயில் தேநீர். பெர்லினில் 16 பெண்களிடம் நடந்த சிறு ஆய்வொன்றில், வெறும் கறுப்புத் தேநீர் தமனியின் விரியுந்தன்மையை உயர்த்தியது. பால் கலந்தபோது அப்பயன் தென்படவில்லை. பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் தேயிலைப் பொருள்களைப் பிணைத்துக்கொள்வதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். இத்துணைச் சிறிய ஆய்வை நம்பிப் பால் தேநீரை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். ஒரு நாளில் அருந்தும் நான்கு கோப்பைகளில் ஒன்றிரண்டை அசாமியரின் சிவப்புத் தேநீர் போலவோ காஷ்மீரத்தின் கஹ்வா போலவோ பாலின்றி அருந்தலாம். சர்க்கரையைக் குறைத்தால் அதுவே தனி ஆதாயம்.

குடலிலேயே நடக்கும் தடுப்பு

இனி இரண்டாம் வழிக்கு வருவோம். எல்.டி.எல். கொழுப்பைக் குறைப்பதில் தாவரப் பொருள்களுக்கு உள்ள சான்று இன்னும் உறுதியானது.

தாவர ஸ்டீரால்கள் கொலஸ்ட்ராலைப் போன்ற வடிவம் கொண்டவை. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படவேண்டிய இடத்தில் இவை முந்திக்கொள்கின்றன, கொலஸ்ட்ரால் வெளியேறிவிடுகிறது. நாள்தோறும் 2 கிராம் அளவில் உட்கொண்டால் எல்.டி.எல். 8 முதல் 10 விழுக்காடு வரை குறையும். எள், நிலக்கடலை, பாதாம், தவிட்டு எண்ணெய், பருப்பு வகைகள் ஆகியவற்றில் இவை உள்ளன. ஆயினும் சாதாரண உணவில் கால் கிராம் முதல் அரை கிராம் வரையே கிடைக்கிறது என்பதால் உணவால் மட்டும் அந்த முழுப் பயனையும் எட்டுவது அரிது.

கரையும் நார்ச்சத்து வேறொரு முறையில் செயற்படுகிறது. குடலில் அது கூழாகிப் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. இழந்த பித்த அமிலத்தை மீண்டும் உருவாக்கக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் தேவைப்படுகிறது. அதனைக் கல்லீரல் குருதியிலிருந்து எடுத்துக்கொள்ள, எல்.டி.எல். குறைகிறது. ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கன் இவ்வகையைச் சேர்ந்தது. வெந்தயம், வெண்டைக்காய், பருப்பு, ராஜ்மா, கொண்டைக்கடலை ஆகியவற்றிலும் இந்த நார் உண்டு.

இதில் இந்தியாவுக்கே உரிய ஒரு பொருளைத் தனியே குறிப்பிட வேண்டும். குஜராத்திலும் இராஜஸ்தானிலும் விளையும் இசப்கோல் உலகச் சந்தைக்குப் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்தே செல்கிறது. மலச்சிக்கலுக்கு மட்டுமே நாம் அதனை நினைக்கிறோம். நாள்தோறும் ஏறத்தாழ 10 கிராம் இசப்கோல் உமி எல்.டி.எல்.-ஐ 5 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. நிறைய நீருடன் உட்கொள்ள வேண்டும். பிற மருந்துகளின் உறிஞ்சுதலை அது தாமதப்படுத்தக்கூடும் என்பதால் அவற்றுக்கும் இதற்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இவை யாவற்றையும் ஒரே தட்டில் சேர்த்தால் என்ன ஆகும்? கனடாவின் டொரான்டோ நகரில் டேவிட் ஜென்கின்ஸ் தலைமையிலான குழு இதனை ஆராய்ந்தது. ஓட்ஸ், பார்லி, இசப்கோல், வெண்டைக்காய், கத்தரிக்காய், சோயா, பாதாம், தாவர ஸ்டீரால் ஆகியன சேர்ந்த உணவை உயர் கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு நான்கு வாரம் வழங்கினர். 2003-இல் வெளியான முடிவின்படி, எல்.டி.எல். ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தது. அதே ஆய்வில் லோவாஸ்டாட்டின் மாத்திரை உட்கொண்டோருக்கு 31 விழுக்காடு குறைந்தது. உணவு மாத்திரைக்கு நிகராயிற்று என்று பலரும் மகிழ்ந்தனர்.

ஆனால் அங்கே உணவை ஆய்வுக் குழுவே வழங்கியது. பின்னர் அதே குழு, உணவை வழங்காமல் அறிவுரை மட்டும் கூறி, மக்கள் தத்தம் வீட்டில் சமைத்து உண்ணும் நிலையில் ஆறு மாதம் கண்காணித்தது. 2011-இல் வெளியான அதன் முடிவில் எல்.டி.எல். குறைவு 13 விழுக்காட்டளவில் நின்றது. இந்த இரு எண்களுக்கும் இடையிலான தொலைவே நம் அன்றாட வாழ்க்கை. திருமண விருந்தும், அலுவலக உணவகமும், பண்டிகைப் பலகாரமும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. ஆயினும் 13 விழுக்காடு என்பது மருந்தின் துணையின்றிக் கிட்டும் நல்ல தொகையே.

பூண்டும் மஞ்சளும்

நம் சமையலறையில் மருந்தென்று பெயர் பெற்ற இவ்விரண்டையும் நடுநிலையோடு நோக்குவோம். பூண்டை நசுக்கும்போதுதான் அதன் நொதி வேலை செய்து அல்லிசின் உருவாகிறது. முழுப் பல்லை அப்படியே கொதிக்கும் எண்ணெயில் இட்டால் நொதி வெப்பத்தில் அழிந்துபோகும். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து பின் சமைத்தால் பயன் மிகும். உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்குப் பூண்டு அதனைச் சிறிதளவு குறைப்பதாகப் பல ஆய்வுகளின் தொகுப்புகள் கூறுகின்றன. கொலஸ்ட்ராலைப் பொறுத்தவரை நிலை வேறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 192 பேருக்கு ஆறு மாதம் பச்சைப் பூண்டோ பூண்டு மாத்திரையோ கொடுத்து நடத்திய ஆய்வில் எல்.டி.எல். அசையவேயில்லை என்று 2007-இல் தெரியவந்தது.

மஞ்சளின் குர்க்குமின் உடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மிளகிலுள்ள பைப்பரின் உடன் சேரும்போது மனிதர்களின் குருதியில் சேரும் அதன் அளவு பன்மடங்காகிறது என்பதைப் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினர். மஞ்சளும் மிளகும் சேரும் நம் சமையல் வழக்கத்துக்கு அறிவியல் தந்த பாராட்டு என்று இதனைக் கொள்ளலாம். எனினும், மஞ்சள் மாரடைப்பைத் தடுக்கிறது என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்று இல்லை. அடர்த்தியான குர்க்குமின் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. குழம்பில் சேரும் மஞ்சளுக்கு இந்த அச்சம் வேண்டா.

மாத்திரையாகப் பிழிந்தெடுத்தால்

நன்மை செய்யும் பொருளை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாக்கினால் நன்மை பன்மடங்காகாதா என்று கேட்பது இயல்பே. இதற்கு விடை சொல்லும் இரு நிகழ்வுகள் உள்ளன.

முதலாவது நம் நாட்டினது. இராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் குறுமரத்தின் பிசினாகிய குக்குலுவைப் பழைய ஆயுர்வேத நூல்கள் போற்றியுள்ளன. அந்நூல்களை அடியொற்றி, காசி இந்து பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்யவதி 1966-இல் நிறைவு செய்த ஆய்வு, முயல்களில் அது கொழுப்பைக் குறைப்பதாகக் காட்டிற்று. அதன் தொடர்ச்சியாக இலக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் குக்குலுவின் சாரத்திலிருந்து மருந்தொன்றை உருவாக்கியது. இந்தியாவில் நடந்த சில ஆய்வுகளும் சாதகமாகவே இருந்தன. ஆனால் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் நடத்திய, 2003-இல் வெளியான ஆய்வில், அச்சாரத்தை உட்கொண்டோரின் எல்.டி.எல். குறைவதற்கு மாறாகச் சற்றே உயர்ந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் உண்டாயிற்று. பிசினுக்காக மிகுதியாகக் கீறப்பட்டதால் அந்த மரமே இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

இரண்டாவது நிகழ்வு பின்லாந்தில் நேர்ந்தது. கேரட்டும் கீரையும் உண்போருக்கு நுரையீரல் புற்று குறைவு என்ற கருத்தின் அடிப்படையில், புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் கொண்ட ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரை சோதிக்கப்பட்டது. 1994-இல் வெளியான முடிவு அனைவரையும் திகைக்கவைத்தது. மாத்திரை உட்கொண்டோரிடையே நுரையீரல் புற்று 18 விழுக்காடு மிகுந்திருந்தது.

கேரட்டில் பீட்டா கரோட்டினோடு நாரும் நீரும் வேறு நூற்றுக்கணக்கான பொருள்களும் அளவோடு உள்ளன. மேலும், கேரட் தட்டில் இருக்கும் இடத்தில் வறுவல் இல்லை. தாவர உணவின் நன்மையில் ஒரு பகுதி, அது வெளியேற்றிய உணவினால் வருவது. மாத்திரை எதனையும் தட்டிலிருந்து வெளியேற்றுவதில்லை.

தட்டில் எவ்வாறு அமைப்பது

தனிப்பொருளைவிட முழு உணவுமுறையே வலிமையானது என்பதற்கு ஸ்பெயினின் 'ப்ரெடிமெட்' ஆய்வு சான்று. 7,447 பேர் பங்கேற்ற அவ்வாய்வு 2013-இல் வெளியாகி, பங்கேற்பாளர்களைப் பிரித்த முறையில் குறை காணப்பட்டதால் திரும்பப் பெறப்பட்டு, திருத்தங்களுடன் 2018-இல் மீண்டும் வெளியாயிற்று. காய்கறி, பருப்பு, பழம் மிகுந்த உணவோடு ஆலிவ் எண்ணெயோ நாள்தோறும் 30 கிராம் கொட்டைகளோ சேர்த்துக்கொண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தன.

இதனை நம் தட்டுக்கு இவ்வாறு மாற்றலாம். காயும் கனியும் சேர்ந்து நாளொன்றுக்கு 400 கிராமேனும் உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்தில் பெரும்பாலான நாள்களில் ஏதேனும் ஒரு கீரை. அன்றாடம் ஒரு கிண்ணம் கெட்டியான பருப்போ பயறோ. மாலை வேளையில் பஜ்ஜி, சமோசாவுக்கு மாற்றாக ஒரு கைப்பிடி உப்பிடாத நிலக்கடலை அல்லது பாதாம். தீட்டிய அரிசிக்கும் மைதாவுக்கும் இடையிடையே பார்லி, கம்பு, கேழ்வரகு. தக்காளியின் சிவப்பு நிறத்துக்குக் காரணமான லைக்கோபீன் சிறிது எண்ணெயில் வதக்கும்போது நன்கு உறிஞ்சப்படுகிறது என்பதால் நம் தக்காளித் தொக்கும் தாழ்ந்ததன்று. உப்பு மட்டும் அளவோடு இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. அப்பளமும் ஊறுகாயும் அந்தத் தேக்கரண்டியில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும்.

மருந்து உண்போர் கவனத்துக்கு

தாவரம் என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். அவ்வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் ஆற்றல் மிக்க மருந்து. மனச்சோர்வு முதலிய பக்கவிளைவுகளும் அதனோடு சேர்ந்தே வந்தன. உணவுப் பொருள்களிலும் கவனிக்க வேண்டியவை சில உள்ளன.

வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற குருதி உறைதலைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோர் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் ஆற்றலை மாற்றிவிடும். கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் பழங்கள் சிலவகை ஸ்டாட்டின் மாத்திரைகளின் அளவைக் குருதியில் உயர்த்தக்கூடும். சிறுநீரக நோயுள்ளோர் கீரை, பீட்ரூட், இளநீர் ஆகியவற்றின் பொட்டாசியம் குறித்து மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாலக்கிலும் பீட்ரூட்டிலும் உள்ள ஆக்சலேட்டை நினைவிற்கொள்ள வேண்டும். பூண்டு மாத்திரை உட்கொள்வோர் அறுவை மருத்துவத்துக்கு முன் அதனை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்று உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை, உணவால் சரியாகிவிடும் என்று நாமாக நிறுத்திவிடக் கூடாது. உணவு எல்.டி.எல்.-ஐ வீட்டுச் சூழலில் பத்துப் பதின்மூன்று விழுக்காடு குறைக்கும்போது, ஸ்டாட்டின் மருந்துகள் அவற்றின் வகைக்கும் அளவுக்கும் ஏற்ப 30 முதல் 50 விழுக்காடு வரை குறைக்கின்றன. முன்பே மாரடைப்பு வந்தவருக்கு இந்த வேறுபாடு உயிர்க் கணக்கு. உணவு மாறிய பின் அளவுகள் குறைந்தால், மருந்தின் அளவைக் குறைப்பதா என்பதை இரத்தப் பரிசோதனை முடிவைக் கண்டு மருத்துவரே தீர்மானிக்கட்டும்.

சிறுகச் சிறுக

நைட்ரேட்டின் பயன் ஏறத்தாழ ஒரு நாளைக்கே நிற்கிறது. தேநீரின் ஃபிளேவனாய்டும் ஓரிரு நாளில் உடலை விட்டு நீங்கிவிடுகிறது. இன்று பிணைத்து வெளியேற்றிய பித்த அமிலம் இன்றைய கணக்கோடு முடிந்தது. ஞாயிறன்று ஒரு பெரிய குவளைச் சாறு அருந்திவிட்டு வாரம் முழுதும் கவலையின்றி இருக்க இயலாததற்குக் காரணம் இதுவே. இவ்வகையில் தமனிகளின் நலம் தொடர் வைப்புக் கணக்கைப் போன்றது. தொகை சிறியது, மாதந்தோறும் தவறாமல் செலுத்தினால்தான் முதிர்வுத் தொகை கைக்கு வரும். இங்கே தவணை மட்டும் நாள்தோறும்.

வீட்டுக் கடனின் கடைசித் தவணையைச் செலுத்தி, பத்திரத்தைத் திரும்பப் பெற வங்கிக்கு வரும் நாளில் நாம் நலமோடு படியேறி வர வேண்டும். அதற்கான சேமிப்பை இன்று மாலை காய்கறிக் கடையிலிருந்தே தொடங்கலாம்.